‘அங்காலை’ வாழ்பவன்

பத்தாம் வகுப்பிலே ஒரு நாள், தமிழ்ப் பாடத்தினிடையே, மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். “இன்று காலை நீங்கள் முகங்கழுவிய தண்ணீர் இப்பொழுது எங்கே இருக்கிறது?” வகுப்புச் சிரித்தது. தமிழ் வாத்தியார் கேட்கும் கேள்வியா இது என்ற சிரிப்பு. பின்வாங்கிலிருந்த பையன் ஒருவன் எழுந்து, “அங்காலை எங்கையாவது போயிருக்கும், சேர்” என்றான். வகுப்பு மீண்டும் சிரித்தது. ஆயினும் அவன் கூறியதிலும் சிறந்த விடையைக் கூற அங்கிருந்தோர் எவராலும் முடியவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், கேள்வி கேட்ட என்னாலும் முடியவில்லை.

‘அங்காலை’ என்பது எமது பேச்சில் மிகவும் வசதியான சொல். வேலிக்கு அங்காலை, ஒழுங்கைக்கு அங்காலை, ஊருக்கு அங்காலை என்கிறோம். எமது பார்வை முடியும் இடத்தில் அது தொடங்குகிறது. எமது பொறுப்பும் அந்த இடத்திலேயே முடிந்துவிடுவதாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் வேலிக்கு அங்காலை இருப்பது வெறும் வெளியன்று. அங்கே ஒருவன் வாழ்கிறான். அவனுக்கு நாம் அங்காலை வாழ்பவர்கள். தன் உடலையும் தன் வீட்டையும் தூய்மையாக வைத்திருக்கும் மனிதன், அந்தத் தூய்மையினாற் பிறந்த அழுக்குக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி? சுகாதாரப் பகுதியாருக்கு உரிய கேள்வியாக இது தோன்றலாம். என் கருத்தில் இது அறவியற் கேள்வி. கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடும் நிலையம் என்பது இக்கேள்விக்கு மனித சமுதாயம் நீண்டகாலம் தடுமாறிக் கண்டுபிடித்த விடை. அந்தத் தடுமாற்றத்தை முழுமையாகக் காண்பதற்கு லண்டன் மாநகரின் வரலாற்றைப் போல உதவக்கூடியது வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் வீடுகளின் மலக்குழிகள் மூடப்பட்டன. வீட்டுக் கழிவுகள் வாய்க்கால்களோடு இணைக்கப்பட்டன. வீடுகள் தூய்மையடைந்தன. வாய்க்கால்கள் அனைத்தும் தேம்ஸ் நதியிற் சென்று விழுந்தன. அந்த நதியிலிருந்தே நகரத்தாரிற் பலருக்குக் குடிநீரும் எடுக்கப்பட்டது. 1848-49ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி லண்டனில் ஏறத்தாழப் பதினாலாயிரம் பேரைக் கொண்டுசென்றது. 1854இல் மீண்டும் அந்நோய் பரவியபோது, ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர், புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்க்குழாயைச் சுற்றியே சாவுகள் மலிந்திருந்ததைச் சுட்டிக்காட்டி, நோய் நீரின் வழியாகவே பரவுகிறது என்று வாதிட்டார். ஆளவந்தோர் அவர் சொல்லை எளிதில் ஏற்கவில்லை.

1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டும் அங்கத்தவர்களால் இருக்க முடியவில்லை. பல்லாயிரம் ஏழைகள் மாண்டபோது காணாத விரைவு அப்பொழுது பிறந்தது. 18 நாட்களில் சட்டம் நிறைவேறிற்று. மூக்குக்கும் மனச்சாட்சிக்கும் இடையிலுள்ள தூரம் சில வேளைகளில் மிகக் குறுகியது. சில வேளைகளில் மிக நெடியது.

பொறியியலாளர் ஜோசப் பஸால்கெற் என்பவரின் தலைமையில் நகரின் குறுக்கே 82 மைல் நீளமான செங்கற் பெருவாய்க்கால்கள் அமைக்கப்பட்டன. நதியில் விழவேண்டிய கழிவுகளை அவை இடைமறித்துக் கிழக்கே கொண்டுசென்றன. அது மகத்தான பணி என்பதில் ஐயமில்லை. எண்ணற்ற உயிர்களை அது காத்தது. 1866இல் கடைசி முறையாக வாந்திபேதி பெருமளவில் வந்தபோது, புதிய அமைப்போடு இன்னும் முழுமையாக இணைக்கப்படாதிருந்த கிழக்கு லண்டனிலே, தொழிலாளர் வாழ்ந்த பகுதிகளிலேதான், ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பணியின் பயனையும், அப்பயன் யாரைக் கடைசியாக வந்தடைந்தது என்பதையும் இந்த ஒரு செய்தியே காட்டும்.

ஆனால் பஸால்கெற்றின் வாய்க்கால்கள் அழுக்கை அழிக்கவில்லை, அங்காலை கொண்டுபோயின. நதியின் வடகரையில் பெக்ரனிலும் தென்கரையில் குறொஸ்நெஸ்ஸிலும் அது தேக்கப்பட்டு, வற்றுப்பெருக்கின்போது அப்படியே ஆற்றில் திறந்துவிடப்பட்டது. 1878 செப்ரெம்பர் 3ஆம் திகதி மாலை, உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்த ‘பிறின்ஸஸ் அலிஸ்’ என்னும் நீராவிக் கப்பல், அவ்விடத்துக்கு அண்மையில் வேறொரு கப்பலோடு மோதி உடைந்தது. சற்று முன்னர்தான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அந்த நீரின் நஞ்சும் அவர்களிற் பலரைக் கொன்றது என்று அக்காலத்தில் பலர் வாதிட்டனர். நகரத்தார் தம் வீட்டிலிருந்து அகற்றிவிட்டதாக எண்ணிய அழுக்கிலேயே, ஒரு விடுமுறை நாளில், அந்நகரத்து மக்கள் மூழ்கினர்.

அதன் பின்னரே கழிவின் திண்மப் பகுதியைச் சுண்ணாம்பும் இரும்புப்பும் சேர்த்துப் படியச்செய்து பிரிக்கும் வேலை தொடங்கிற்று. பிரித்தெடுத்த சேற்றை என்ன செய்தனர்? 1887 முதற் கப்பல்களில் ஏற்றிக் கடல்முகத்திற் கொட்டினர். 1998ஆம் ஆண்டுவரை, 111 ஆண்டுகள், இது நடைபெற்றது. வீட்டுக்கு அங்காலை நதி; நகரத்துக்கு அங்காலை பெக்ரன்; பெக்ரனுக்கு அங்காலை கடல். ‘அங்காலை’ நகர்ந்துகொண்டே போயிற்று. ஒழிந்தபாடில்லை.

இந்த நகர்த்தலை நிறுத்துவதற்கு, ஆறு எவ்வாறு சாகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு தானாகவே தன்னைச் சுத்தஞ்செய்யும் என்பது முன்னோர் நம்பிக்கை. அதில் உண்மை உண்டு. நீரிலுள்ள பற்றீரியாக்கள் அழுக்கைத் தின்று சிதைக்கின்றன. ஆனால் அவ்வேலைக்கு அவை நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைச் செலவிடுகின்றன. எம்முடையது போன்ற வெப்பநாட்டில், ஒரு லீற்றர் ஆற்றுநீரிற் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ எட்டு மில்லிகிராம் மாத்திரமே. ஒரு லீற்றர் வீட்டுக் கழிவுநீரோ ஐந்து நாட்களில் இருநூறு மில்லிகிராம் அளவுக்கு ஒட்சிசனைக் கேட்கும். கணக்குப் பாருங்கள்: ஒரு வாளிக் கழிவு இருபத்தைந்து வாளி ஆற்றுநீரின் மூச்சை உறிஞ்சிவிடுகிறது. மூச்சிழந்த நீரில் மீன் சாகிறது; ஒட்சிசன் வேண்டாத வேறு பற்றீரியாக்கள் பெருகுகின்றன; நீர் கறுத்து நாறுகிறது. நாம் ‘நாறும் ஆறு’ என்று அருவருப்போடு கூறுவது உண்மையில் மூச்சுத்திணறி இறந்த ஆற்றையே.

சுத்திகரிப்பு நிலையம் செய்வது எளிமையாகச் சொல்லத்தக்கது. முதலில் கம்பித் தட்டிகள் துணி, கட்டை, பிளாஸ்ரிக் முதலியவற்றைத் தடுக்கின்றன. மணல் ஒரு தொட்டியில் அடைகிறது. பெருந்தொட்டிகளில் நீர் அமைதியாக நிற்கும்போது கனமானவை சேறாகப் படிகின்றன. கொழுப்பு மேலே மிதந்து வழித்தெடுக்கப்படுகிறது. பின்னர் வருவதே உயிர்நிலையான கட்டம். தொட்டிகளுக்குள் இயந்திரங்கள் இடைவிடாது காற்றைச் செலுத்த, கோடானுகோடி நுண்ணுயிர்கள் கரைந்துள்ள அழுக்கை உண்டு பெருகுகின்றன. இறுதித் தொட்டியில் அந்நுண்ணுயிர்த் திரள் அடியிற் படிய, தெளிந்த நீர் மேலே வழிந்து ஆற்றுக்குப் போகிறது. வேண்டிய இடங்களில் நோய்க்கிருமிகளைக் கொல்லவும், பாசியைப் பெருக்கும் நைதரசனையும் பொசுபரசையும் அகற்றவும் மேலும் சில படிகள் உண்டு. படிந்த சேற்றைக் காற்றுப்புகாத கலங்களில் ஊறவிட்டால் மெதேன் வாயு கிடைக்கும். அதனால் மின்சாரம் பெறலாம். ஆற்றிலே நடக்கவேண்டிய சிதைவையே நிலையம் தொட்டிக்குள் நடத்துகிறது. வேறுபாடு ஒன்றே: ஆற்றின் மூச்சைச் செலவிடாமல், எமது செலவில் மூச்சைக் கொடுத்து நடத்துகிறது.

இந்தக் காற்றூட்டும் முறை இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில், டேவிஹூம் நிலையத்தில் பிறந்தது. எட்வேட் ஆர்டேன், வில்லியம் லொக்கெற் என்னும் இருவர் 1914இல் அதனை வெளியிட்டனர். அவர்களை அவ்வழியில் ஊக்கிய கில்பேட் பௌலர் பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்திற் பேராசிரியராய் அமர்ந்தார். போத்தல்களிற் கழிவுநீரை இட்டுக் காற்றைச் செலுத்தியபோது, முதன்முறை அது முழுமையாகத் தெளிவதற்கு வாரக்கணக்காயிற்று. தெளிந்த நீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடியிற் கிடந்த சேற்றை எறியாது வைத்துக்கொண்டு, அதன்மீது புதிய கழிவுநீரை இட்டனர். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ய, வாரக்கணக்கான வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. எறியத்தக்கது என்று எண்ணப்பட்ட சேறே தூய்மையைச் செய்யும் கருவி என்று தெரியவந்தது. இந்த உண்மையின் பொருள் விஞ்ஞானத்தோடு நின்றுவிடுவதன்று. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இனி ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். “ஆறு பெரிது, எமது அழுக்குச் சிறிது. கலந்தாற் கரைந்துவிடும். இதற்கேன் இவ்வளவு செலவு?” என்று கேட்பர். கழிவகற்றல் பற்றி ஆராய்ந்த பிரித்தானிய அரச ஆணைக்குழு 1912இல் ஓர் அளவை விதந்துரைத்தது. ஆற்றில் விடும் ஒரு லீற்றர் நீர் ஐந்து நாட்களிற் கேட்கும் ஒட்சிசன் 20 மில்லிகிராமுக்கும், அதில் மிதக்கும் திண்மம் 30 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது அதன் கருத்து. உலகில் நெடுங்காலம் வழங்கிய இவ்வளவின் அடியில் ஓர் எடுகோள் இருந்தது: அந்த நீரைப் போல எட்டு மடங்கு தூய நீர் ஆற்றில் இருக்கவேண்டும். மேலே உள்ள ஊர் அந்த எட்டு மடங்கைத் தனதெனக் கொள்கிறது. அடுத்த ஊரும் அதையே தனதெனக் கொள்கிறது. கடைசி ஊருக்கு வரும்போது எட்டு மடங்கு எங்கே? ஆற்றின் தாங்கும் சக்தி ஒரு பொதுச்சொத்து. அதை மேலேயிருப்பவன் முழுவதும் எடுத்துக்கொள்வது, கீழேயிருப்பவனுடைய பங்கைக் கேளாமல் எடுப்பதாகும். அதற்குத் தமிழில் நல்ல சொல் உண்டு, களவு.

மற்றொரு மறுப்பு இதனினும் கனமானது: “ஏழைநாட்டுக்கு முதலில் சோறு, பின்னரே இவையெல்லாம்.” சோறு முதலில் வேண்டும் என்பதை மறுப்பவன் நானல்லன். ஆனால் அழுக்கான நீரின் விலையைக் கொடுப்பவர் எவர் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். வசதியுள்ளவன் போத்தல் தண்ணீர் வாங்குவான், வடிகட்டி பூட்டுவான், வேறிடத்தில் வீடு கட்டுவான். ஆற்றோரத்துக் குடிசையில் இருப்பவனுக்கு அந்த வழிகள் இல்லை. 1866இல் கிழக்கு லண்டன் கொடுத்த விலையும் அதுவே. சுத்திகரியாது விட்ட கழிவு செலவில்லாத ஒன்றன்று; அதன் செலவு ஏழையின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

லண்டனின் கதை இங்கேயும் முடியவில்லை. 1957இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் தேம்ஸின் நகர்ப்பகுதியை உயிரற்ற ஆறு என்றனர். அதன் பின்னர் பெக்ரன், குறொஸ்நெஸ் நிலையங்கள் பெரிதாக்கப்பட்டன. காற்றூட்டும் முறை முழுமை பெற்றது. 1974இல் சமன் மீன் ஒன்று மீண்டும் அந்நதியிற் கிடைத்தது. இன்று நூறுக்கு மேற்பட்ட மீனினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. இறந்த ஆற்றை மனிதன் உயிர்ப்பிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் நகரம் பெருக, மழைநீரும் கழிவும் ஒரே வாய்க்காலில் ஓடும் பழைய அமைப்புப் போதாதாயிற்று. சிறு மழைக்கும் கழிவு நதியில் வழிந்தது. அதைத் தடுக்க 25 கிலோமீற்றர் நீளமான சுரங்கமொன்று நதியின் கீழே தோண்டப்பட்டு 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நீரும் கழிவுநீரும் 1989 முதல் தனியார் கம்பெனிகளின் கையில். 2025 மே மாதத்தில், லண்டனுக்குப் பொறுப்பான கம்பெனிக்குக் கழிவுநீர் நிலையங்களை ஒழுங்காக நடத்தாமைக்காகவும் முறையற்ற பங்கிலாபம் வழங்கியமைக்காகவும் 12 கோடி 27 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. கீழோட்டத்தில் வாழ்பவனுக்குச் செய்யவேண்டிய கடமை, இலாபக் கணக்கின் ஒரு வரியாக மாறினால் என்ன நேரும் என்பதற்கு வேறு உரை வேண்டியதில்லை.

இதுவரை இடத்தைப் பற்றிப் பேசினேன். ‘அங்காலை’ என்பது சில வேளைகளில் ஓர் இடமன்று, ஒரு மனிதன். எமது பெற்றோரின் தலைமுறை வாளி மலகூடங்களைக் கண்டது. வீட்டின் கோடிப்புறத்தில், ஒழுங்கையை நோக்கி ஒரு சிறு கதவு. விடியுமுன் ஒருவர் வந்து வாளியை எடுத்துச் செல்வார். வீட்டார் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்க விரும்பியதுமில்லை. அழுக்கை உண்டாக்கியவன் தூயவன், அதை அகற்றியவன் தீட்டுடையவன் என்று எமது சமுதாயம் ஒரு விசித்திரமான நியாயத்தை வகுத்து வைத்திருந்தது. மேலோட்டத்திலிருந்து கீழோட்டத்துக்கு அழுக்கைத் தள்ளும் நகரத்தின் நியாயமும், மேற்சாதியிலிருந்து கீழ்ச்சாதிக்கு அதைத் தள்ளும் ஊரின் நியாயமும் ஒரே நியாயந்தான். டேவிஹூமின் போத்தல்களில் சேறு தூய்மைக்குக் கருவியென அறியப்பட்ட செய்தியைப் படிக்கும்போதெல்லாம், எம்மாற் சேறென எண்ணப்பட்ட மனிதர்களே எமது ஊர்களை வாழவைத்தனர் என்ற நினைவு எனக்கு வருகிறது. வாளிகள் இன்று இல்லை. ஆயினும் இந்தியாவில் மலம் அள்ளுவதற்கு மனிதரை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும், கழிவுநீர்க் குழிகளுள் இறங்கி மூச்சடைத்து இறப்போர் இருக்கவே செய்கின்றனர். எனவே இயந்திரம் வருவது மட்டும் போதாது. இயந்திரம் செய்யத்தக்க வேலைக்கு ஒரு சாதியின் கையை நீட்டச்சொல்லும் மனம் போகவேண்டும்.

எமது நாட்டுக்கு வருவோம். கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்னும் ஓடை நகரின் கழிவுகளைச் சுமந்து மகாவலியிற் கலந்தது. நகரக் கழிவைத் திரட்டிச் சுத்திகரித்து மகாவலியில் விடுவதற்காக, ஜப்பானியக் கடனுதவியோடு, கன்னொறுவையில் ஒரு நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. அதன் பயன் யாருக்கு? கன்னொறுவைக்குக் கீழே பொல்கொல்லையில் அந்த நதியின் ஒரு பகுதி சுரங்கவழியாக வடக்கே திருப்பப்பட்டுக் கலாவெவவரை வயல்களுக்குப் பாய்கிறது. எஞ்சியது 335 கிலோமீற்றர் நெடுவழியை முடித்துக் கொட்டியாரக்குடாவிற் கடலை அடைகிறது. கண்டியில் ஒருவன் கைகழுவிய நீர், சிங்கள விவசாயியின் வயலையும் தமிழ், முஸ்லிம் மீனவரின் வலையையும் தொட்டுச் செல்கிறது. ஆறு எவருடைய மொழியையும் விசாரிப்பதில்லை. ஒருவரையொருவர் காணாத இம்மக்களை ஒரே உறவில் அது வைத்திருக்கிறது. அந்த உறவை மதிக்கும் ஏற்பாடுகளில் ஒன்று கன்னொறுவைத் தொட்டி.

யாழ்ப்பாணத்திலோ அத்தகைய ஆறு இல்லை என்பர். எமது ஆறு நிலத்தின் கீழே இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தங்கி, எல்லாக் கிணறுகளையும் ஒன்றோடொன்று உறவாக்கி வைத்திருக்கிறது. இரண்டு பரப்புக் காணியில் கிணறு ஒரு மூலை, மலகூடக் குழி மறு மூலை. பக்கத்து வீட்டுக் குழி எமது கிணற்றுக்கு அருகே. கிணற்றுநீரிற் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு விதித்த 50 மில்லிகிராம் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்து உரமும் எமது குழிகளும் அதற்குக் காரணம். குழி நிறைந்தாற் பவுசரை அழைக்கிறோம், காசு கொடுக்கிறோம். பவுசர் அதை எங்கே கொண்டுபோகிறது என்று நானும் கேட்டதில்லை. ‘அங்காலை’ என்ற அந்தப் பையனுடைய விடைதான் எனக்கும் விடையாக இருந்தது.

சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கூறவரவில்லை. தொழிற்சாலைகளின் பார உலோகங்களை நுண்ணுயிர் தின்னாது. சில மருந்துகளும் இரசாயனங்களும் அதன் வழியே தப்பிச் செல்லும். அவற்றை உண்டாக்குபவனே தன் வாயிலில் தடுக்கவேண்டும். மக்களின் வாய்க்காலுக்குள் முதலாளியின் நஞ்சு ஒளிந்துவர இடங்கொடுத்தல் ஆகாது.

நல்லவனாக இருப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், வகுப்பிலும் போதிக்கிறோம். எமது அறநூல்களின் அன்பு பெரும்பாலும் கண்ணுக்கு முன் நிற்பவனை நோக்கியது. பசித்து வந்தவனுக்குச் சோறு, தவித்து வந்தவனுக்குத் தண்ணீர். ஆனால் இன்று நாம் ஒருவருக்கொருவர் செய்யும் தீமையிற் பெரும்பகுதி, முகமறியாதவருக்கு, நாம் அறியாமலே, குழாய்களின் வழியாகச் செல்கிறது. அந்தத் தீமையைத் தனி மனிதனின் இரக்கத்தால் தடுக்க இயலாது. நான் எவ்வளவு இரக்கமுள்ளவனாயினும் என் குளியலறை நீர் கீழே போகவே செய்யும். முகமறியாதவனுக்குச் செய்யும் கடமைக்குத் தொட்டியும் குழாயும் வேண்டும். அவற்றை இரவுபகலாகக் காப்போர் வேண்டும். அவர்களுக்குக் கூலியும் மதிப்பும் வேண்டும். அதற்கு நாம் வரி செலுத்தவேண்டும். கண்காட்சிக்கு எவரும் அழைத்துச் செல்லாத, திறப்புவிழா முடிந்ததும் மறக்கப்படும் அந்த இடத்தில், ஒரு சமுதாயத்தின் அறம் எவ்வளவு உண்மையானது என்பது ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து தெரிந்துவிடும்.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பினேன். “அங்காலை யார் இருக்கிறது?” என்று கேட்டேன். சற்று யோசித்தான். “எங்கடை மாமி வீடு, சேர்” என்றான். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை.